மண்டபத்தில் கட்டிய வெண்திரை

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடகிழக்குத் தாலுகாக்களாக நெடுங்காலம் இருந்து, 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டமாகி, அதன்பின் ஒருமுறை பிரிந்தும் ஒருமுறை சேர்ந்தும், முடிவில் 2007 நவம்பரில் பெரம்பலூர் என்றும் அரியலூர் என்றும் இரண்டாக நிலைத்துவிட்ட எங்கள் சீமையைப் பற்றி வெளியூர் அன்பர்களிடம் பேச நேரும்போதெல்லாம், அவர்களுக்குச் சிமெண்டும் சின்ன வெங்காயமும் கங்கைகொண்ட சோழபுரத்து விமானமும் ஞாபகத்துக்கு வருவதையும், பூகர்ப்ப சாஸ்திரத்தில் பழக்கமுள்ள சிலருக்கு மாத்திரம் சாத்தனூர் ஓடையில் பன்னிரண்டு கோடி ஆண்டுகளாகக் கிடக்கும் கல்மரம் ஞாபகத்துக்கு வருவதையும் நான் கவனித்திருக்கிறேன். சினிமாவையும் இந்தச் சீமையையும் சேர்த்து ஒருவரும் நினைப்பதில்லை. ஆனால் என் ஆயுளில் நான் பார்த்த படங்களுள் எவை என் மனத்தை ஆழமாகத் தொட்டன என்று எவரேனும் கேட்டால், உலகப் பிரசித்தி பெற்ற சில படங்களோடு, மார்கழி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் காடாத் துணியில் விழுந்த சில சிறிய படங்களையும் நான் தயக்கமின்றிச் சொல்லுவேன். அவற்றை எடுத்தவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். பார்த்தவர்கள் எங்கள் ஊர் ஜனங்கள். அந்தக் கூட்டங்களைப் பற்றி எழுதி வைத்தவர் எவரும் இல்லையாதலால், கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சினிமாவின் சரித்திரத்தில் எங்கள் பழைய ஜில்லாவுக்குக் கௌரவமான ஒரு ஸ்தானம் உண்டு. திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905-ஆம் ஆண்டில், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்று மேலே பிரயாணம் செய்ய இயலாமல் தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட முன்வந்தபோது, அவற்றை விலைக்கு வாங்கி, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, கூடாரமும் கருவியுமாகப் புறப்பட்டு, வடக்கே பெஷாவர் வரையில் போய் இயேசுநாதர் சரித்திரம் முதலிய மௌனப் படங்களைக் காட்டினார். பிற்காலத்தில் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையையும் கட்டினார். தென்னாட்டில் படத்தை ஜனங்கள் இருக்கும் இடத்துக்கே எடுத்துச்சென்று காட்டும் வழக்கத்துக்கு அவரே முன்னோடி. அந்த வழக்கத்தின் கடைசித் தலைமுறையாகிய டூரிங் டாக்கீஸ்களைத்தான் நான் சிறு பிராயத்தில் கண்டேன்.

கீற்று வேய்ந்த கொட்டகை, தரை டிக்கெட்டுக்கு மணல், அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சில நாற்காலிகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே இடுப்புயரத் தட்டி, ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்தமையால் சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. அந்தியில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டவுடன், பருத்தி எடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருக்கும் பெண்கள் நடையை எட்டிப் போடுவார்கள். முதலில் அரசாங்கத்தின் செய்திப்படம் காட்டப்படும். 1948-இல் ஏற்படுத்தப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த அந்தப் படங்களை எல்லாக் கொட்டகைகளும் கட்டாயமாகக் காட்டவேண்டுமென்று சட்டம் இருந்தது. அணைகள் எழும்புவதையும், மந்திரிகள் கொடியசைப்பதையும், பீகாரில் வெள்ளம் பாய்வதையும் நாங்கள் மணலில் உட்கார்ந்து பார்த்தோம். பாரத தேசம் முழுவதையும் பார்த்துவிட்டோம் என்றே நினைத்தோம். ஆனால் எங்கள் கரிசல் காட்டையோ, சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியையோ, நாங்கள் பேசும் பேச்சையோ அந்தத் திரையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. படம் என்பது வேறெங்கோ நடப்பது, நாம் பார்ப்பதற்கென்று பிறந்தவர்கள் என்ற எண்ணம் அந்தப் பிராயத்திலேயே எங்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. அது நீங்க வெகுகாலம் பிடித்தது.

பள்ளி ஆசிரியனாக உத்தியோகம் ஏற்ற பிறகு, எழுத்திலும் நாடகத்திலும் சிரத்தையுள்ள நண்பர்கள் சிலரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, விடுமுறை நாள்களில் பள்ளிக்கூடத்தின் நீண்ட அறையில் நல்ல படங்களைத் திரையிடுவது எங்கள் வழக்கமாயிற்று. 1947-இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் தொடங்கிய பிலிம் சொசைட்டியும், 1952-இல் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவும், 1957-இல் அம்மு சுவாமிநாதன் அவர்களின் முயற்சியால் ஏற்பட்ட சென்னைப் பிலிம் சொசைட்டியும் பெரிய நகரங்களில் மூட்டிவிட்ட ஆர்வம், கால் நூற்றாண்டு கழித்துச் சிறிய ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது எங்களைப் போன்ற ஆசிரியர்களும் வங்கிக் குமாஸ்தாக்களும் தபால் இலாகா ஊழியர்களுமே அதைத் தாங்கி நின்றோம். இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, திருடுபோன சைக்கிளைத் தேடும் அந்தத் தகப்பனையும் பிள்ளையையும் பற்றி எங்கள் பள்ளிக்கூடக் காவல்காரர் மறுநாள் வெகுநேரம் பேசினார். பாஷை தெரியவில்லை என்று அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மலையாளத்து ஜான் ஆபிரகாமைப் பற்றி நாங்கள் அறிந்ததும் அந்தக் காலத்தில்தான். தமிழில் 1977-ஆம் ஆண்டு 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அவர், தம் சொந்த நாட்டில் நண்பர்களுடன் ஒடெஸா என்ற கூட்டுறவை ஏற்படுத்தி, கிராமம் கிராமமாகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, கூடிய ஜனங்களிடம் ஒன்றும் இரண்டுமாகக் காசு திரட்டி, அந்தக் காசிலேயே 1986-இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை முடித்தார். பார்க்கும் ஜனங்களே படத்துக்கு முதலாளிகள் என்ற அந்தச் செய்தி எங்களை வெகுவாகக் கலக்கியது. நாங்கள் காட்டுவதோடு நின்றுவிட்டவர்கள். எடுப்பது என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. எழுந்திருந்தாலும் பிலிம் சுருளின் விலை எங்கள் ஆறு மாதச் சம்பளத்தை விழுங்கியிருக்கும்.

எண்ணமும் வசதியும் ஒருங்கே வந்தது கல்யாண வீடியோவின் மூலமாக. இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்லுகிறேன். எங்கள் பக்கத்தில் படக்கலையைக் கற்றுக்கொடுத்த கல்லூரி எதுவென்றால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் மாலைவரை கேமராவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்ற வீடியோக்காரர்களின் உழைப்புத்தான். வெளிச்சம் எங்கிருந்து விழவேண்டும், தாலி கட்டும் கணத்தில் எந்த முகத்தைப் பார்க்கவேண்டும், அழும் தாயை அவள் அறியாமல் எடுப்பது எப்படி என்பதையெல்லாம் அவர்கள் புத்தகம் படித்து அறியவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு சிறிய டிஜிட்டல் கேமராவும், கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்யும் வசதியும் மாவட்டத் தலைநகர் ஸ்டூடியோக்களுக்கு வந்துவிட்டன. முகூர்த்தமில்லாத மாதங்களில் கேமரா சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு காட்டுக்கும் ஆற்றுக்கும் போன பிள்ளைகள்தாம் எங்கள் முதல் இயக்குநர்கள்.

அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த உற்சாகத்தையும் சொல்லவேண்டும். மதுரையில் அமுதன் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து சிலர் போய்வந்தார்கள். மதுரை நகரத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்மணியின் உழைப்பைக் கூடவே நடந்து பதிவு செய்த அவருடைய 'பீ' என்ற படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், இதற்குச் செட்டு வேண்டாம், நடிகர் வேண்டாம், கண்ணெதிரே உள்ளதைக் கூசாமல் பார்க்கும் நெஞ்சு ஒன்றே வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 'நிழல்' பத்திரிகையின் திருநாவுக்கரசு தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் கிராமத்து இளைஞர்களுக்கென்று நடத்திய குறும்படப் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றிய செய்தியும் பத்திரிகை வாயிலாக வந்துகொண்டிருந்தது. நம் ஊரிலும் ஒன்று செய்வோமே என்ற பேச்சு ஒரு டீக்கடைப் பெஞ்சில் எழுந்து, சில வாரங்களில் காரியமாகிவிட்டது.

மார்கழியைத் தேர்ந்தெடுத்தது இளைஞர்களின் புத்தி. ஆடியிலும் மார்கழியிலும் விவாகம் நடப்பதில்லையாதலால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும்; மின்சாரச் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று மண்டபக்காரர் சம்மதித்தார். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டி வெளிச்சத்தை மறைத்தார்கள். தையற்காரர் ஒருவர் காடாத் துணியை இரட்டையாகத் தைத்துத் திரை செய்து, கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டார். மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில் அந்தத் திரை எழுந்து நின்றது. புரொஜெக்டர் மட்டும் திருச்சியிலிருந்து வாடகைக்கு வந்தது. பணம் விஷயத்தில் பிள்ளைகள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: எவரிடமும் பெருந்தொகை வாங்குவதில்லை, விளம்பரத் தட்டி வைப்பதில்லை. கடைகாரர்களும் ஆசிரியர்களும் கொடுத்த சிறு தொகைகளாலும், மத்தியானத்துக்கு எலுமிச்சஞ்சாதப் பொட்டலம் கட்டிக்கொடுத்த சில வீடுகளாலுமே விழா நடந்தது. வடக்கே கோரக்பூரில் 2006-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மக்கள் திரைப்பட விழாவும் கம்பெனிகளின் பணத்தை வாங்குவதில்லை என்ற விரதத்தோடு பார்வையாளர்களின் காசிலேயே நடந்துவருகிறது என்று பிற்பாடு அறிந்தபோது, ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்களில் ஒரே நியாயம் தோன்றியிருப்பதைக் கண்டு நான் மிகவும் மகிழ்ந்தேன். காரணம் வெளிப்படை. எங்கள் பக்கத்தில் எடுத்த படங்களில் பாதி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் லாரிப் புழுதியையும் தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகளையும் பற்றியவை. பணம் கொடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவற்றைத் திரையிட நா எழாது.

முதல் ஆண்டு வந்த படங்கள் எல்லாம் ஒரே தரத்தன என்று நான் சொல்ல மாட்டேன். பட்டணத்துச் சினிமாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சண்டையும், மெதுவாக நடந்துவரும் கதாநாயகனும், மழையில் ஒரு காதலும் சிலவற்றில் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது ஜனங்கள் கை தட்டவும் இல்லை, ஏளனம் செய்யவும் இல்லை; பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்த மௌனத்தைக் காட்டிலும் தெளிவான தீர்ப்பை எந்த நடுவர் குழுவும் எழுதியிருக்க முடியாதென்பது என் அபிப்பிராயம். வளைகுடா நாட்டில் புருஷன் இருக்க, இங்கே மாமியாரோடும் ஒரு செல்போனோடும் காலம் கழிக்கும் பெண்ணைப் பற்றிய படம் வந்தபோதோ, பெண்கள் பக்கத்தில் பலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர்ப் பக்கங்களில் இந்தக் கதை இல்லாத தெருவே இல்லை. கரைவெட்டி ஏரியின் பறவைகளைப் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த படமும் ஒன்று இருந்தது. கேமரா நடுங்கிக்கொண்டே இருந்தாலும், நீரிலிருந்து கூட்டமாக எழும் பறவைகளைக் கண்டு ஒரு குழந்தை தன்னை மறந்து கூவும் குரல் அதில் பதிந்துவிட்டதால் அதை நான் இன்னும் மறக்கவில்லை.

செட்டிகுளம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் சின்ன வெங்காயத்தைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தான். தன் அப்பாயி வெங்காயம் பறிப்பதிலிருந்து, பட்டறை போட்டு அதை மூடி வைத்து, விலை ஏறுமென்று காத்திருந்து, கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்துவிடுவது வரையில் எடுத்த படம். அழகாக எடுத்திருந்தான். அந்திவெயிலில் வெங்காயக் குவியலின் செந்நிறமும், கிழவியின் விரல்களும் திரையில் வந்தபோது மண்டபமே மெய்ம்மறந்து பார்த்தது. விளக்குப் போட்டவுடன், பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து நின்றார். அவர் அந்தப் பிள்ளைக்கு உறவும் இல்லை, அவன் ஊரும் இல்லை.

"ஏந்தம்பி, பறிச்ச அன்னைக்கே பட்டறையில அள்ளிப் போட்டுட்டாங்களே, வெங்காயம் வேர்த்து அழுவிப் போயிடாதா? தாளு சருகாக் காய வாணாமா?"

பிள்ளை எழுந்து கைகட்டி நின்றான். "ஒரு நாளைக்குத்தான் கேமரா கெடச்சுது அப்பாயி. பறிக்கிறதையும் பட்டறை போடறதையும் அன்னைக்கே எடுக்க வேண்டியதாப் போச்சு."

"அதுக்கென்ன, எடுத்தது எடுத்துட்ட. நடுவுல காய வெச்சோம்னு உங்க அப்பாயி வாயால ஒரு வார்த்த சொல்ல வெச்சிருக்கலாம்ல? அவங்க விவரமான மனுஷியாத்தான் தெரியிறாங்க. பாக்கிறவங்க அவங்களையில்ல தப்பா நெனப்பாங்க?"

இந்தச் சம்பாஷணையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெங்காய விவசாயத்தில் ஒரு பிழையை மட்டும் அந்த மூதாட்டி கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பிழையால் படத்திலுள்ள ஒரு பெண்மணியின் தொழிலறிவுக்கும் கௌரவத்துக்கும் குறை நேர்ந்துவிட்டதே என்று வருந்தினார். அதோடு நில்லாமல், எடுத்த படத்தைக் குலைக்காமல் ஒரே வாக்கியத்தால் அதைச் சரிசெய்யும் உபாயத்தையும் சொல்லிக்கொடுத்தார். எடிட்டிங் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு வரவேண்டிய யோசனை அது. சென்னையிலோ டில்லியிலோ இந்தப் படம் திரையிடப்பட்டிருந்தால் ஒளிப்பதிவைப் புகழ்ந்திருப்பார்கள், பரிசும் கொடுத்திருப்பார்கள். வெங்காயத்தைத் தொட்டறிந்த கை ஒன்றும் அங்கே இருந்திராது. அந்தப் பிள்ளை அடுத்த மாதமே தன் அப்பாயியின் குரலைப் பதிவு செய்து படத்தில் சேர்த்தான். ஓர் ஊரைப் பற்றி எடுத்த படம் முதலில் அந்த ஊரார் முன்னிலையில்தான் அரங்கேறவேண்டும் என்று நான் அன்றுமுதல் திடமாக நம்பிவருகிறேன்.

அடுத்த ஆண்டு விழாவில் நடந்தது இதைவிடக் கனமானது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அடைமழையால் மருதையாறு கரைபுரண்டு பாலத்தருகே இருப்புப்பாதையை அரித்துவிட, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே ஆற்றில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோன விபத்தைப் பாரத தேசம் முழுவதும் அறியும். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்துக்காகவே ராஜினாமாச் செய்ய முன்வந்து நேருவால் தடுக்கப்பட்ட லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பிறகு மந்திரி பதவியில் இருக்க ஒப்பவில்லை. பொறுப்பேற்றுப் பதவி துறப்பதற்கு உதாரணமாக இன்றுவரை மேடைகளில் எங்கள் ஊர்ப் பெயர் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த இரவைக் கண்ட எங்கள் ஊராரிடம் போய், நீங்கள் என்ன கண்டீர்கள் என்று கேட்டவர் யார்? அரியலூர் வீடியோக்காரர் ஒருவர் கேட்டார். கல்யாணங்களுக்கு நடுவே ஓய்ந்த நாள்களில், ஆற்றோரக் கிராமங்களில் மிஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களைப் பேசவைத்து, பாலத்தையும் ஆற்றையும் இடையிடையே காட்டி ஒரு படம் செய்திருந்தார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு காட்சியும் அதில் இல்லை, முகங்களும் குரல்களும்தான்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மண்டபத்தில் யாரும் அசையவில்லை. சற்று நேரம் கழித்து, படத்தில் இடம்பெறாத ஒரு முதியவர், தோளில் துண்டோடு மெல்ல எழுந்து, தாம் அன்றைக்கு இளந்தாரியாக இருந்ததையும், கயிறு எடுத்துக்கொண்டு ஓடியதையும் சொல்லத் தொடங்கினார். செத்தவர்களைப் பற்றியே எல்லோரும் சொல்லுகிறீர்கள், பிழைத்து வந்தவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருந்த வேட்டியும் புடைவையும் வெளியே வந்ததை யாரும் சொல்லவில்லையே என்றார். மாற்றுப் புடைவை இல்லாத வீட்டுப் பெண்களும் இருந்ததைக் கொடுத்துவிட்டு உள்ளேயே இருந்தார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. வீடியோக்காரர் அவசரமாகக் கேமராவைத் தேடி எடுத்து, அவர் பேசுவதை அங்கேயே பதிவு செய்ய ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் பேசினார்கள். அடுத்துக் காட்ட வேண்டியிருந்த படங்கள் மறுநாளுக்குப் போயின, எவரும் முணுமுணுக்கவில்லை. அரசாங்க விசாரணை அறிக்கையில் அகப்படாத ஒரு சரித்திரம் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்று எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

பரிசு கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பற்றி எங்களுக்குள் பலத்த விவாதம் ஏற்பட்டதும் உண்டு. முதல் பரிசு என்று ஒன்று வைத்தால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்று சிலர் வாதித்தார்கள். பரிசுக்காக எடுக்க ஆரம்பித்தால் நடுவர்களுக்குப் பிடித்ததை எடுப்பார்கள், ஊருக்குத் தேவையானதை எடுக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. முடிவில் எல்லோருக்கும் ஒரு துண்டும் ஒரு புத்தகமும் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. தமிழ் ஸ்டுடியோ அமைப்பு, படத்தொகுப்பாளர் லெனின் அவர்களின் பெயரால் குறும்படக்காரர்களுக்கும் ஆவணப்படக்காரர்களுக்கும் ஆண்டுதோறும் விருது வழங்கத் தொடங்கிய செய்தி பின்னர் வந்தபோது என் கருத்தைச் சிறிது தளர்த்திக்கொண்டேன். பணத்தைத் துரத்தாமல் கலையை நேசித்த ஒருவரின் பெயரால் வருவது வெறும் பரிசன்று, ஆசீர்வாதமாகவும் அமையும்.

விழா நீடிக்கவில்லை. முன்னின்று நடத்திய பிள்ளைகளில் சிலர் உதவி இயக்குநர்களாகச் சென்னைக்குப் போனார்கள். சிலர் குடும்ப பாரத்தால் கடல் கடந்தார்கள். கல்யாண வீடியோத் தொழிலும் மாறிப்போய், ஓய்ந்த மாதங்கள் என்று ஒன்று இல்லாமலாயிற்று. எல்லோர் கையிலும் செல்போன் வந்தபிறகு படம் பார்க்க எதற்கு மண்டபம் என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றே போதிய பதில். 2020 டிசம்பரில் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி செல்போன் படங்களோடு தமிழகம் முழுவதும் ஒரே நாளில் பரவிவிட்டது. பூகர்ப்ப நிபுணர்கள் வந்து பார்த்து, முன்னொரு யுகத்தில் இவ்விடம் கடலாக இருந்தபோது வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தைச் சுற்றிப் படிந்த படிமங்களே இவை என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. தனித்தனியே பார்க்கும் படத்தில் பொய்யைத் தடுக்க ஆள் இல்லை. ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்க்கும்போது, பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து நின்று கேட்பார்.

என்னை இப்போது வாட்டும் கவலை வேறொன்று. அந்தப் படங்கள் இன்று எங்கே இருக்கின்றன? தமிழ்நாட்டின் முதல் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று நமக்கு இல்லை; 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை; மௌனப் படங்களில் ஏறக்குறைய எல்லாமே அழிந்தன. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்படுவதற்குள் நெருப்புக்கும் ஈரத்துக்கும் அலட்சியத்துக்கும் அவை இரையாகிவிட்டன. பெருமுதலாளிகள் எடுத்த படங்களுக்கே அந்தக் கதி என்றால், சிறிய டேப்புகளில் பதிந்த எங்கள் படங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஈரம் பட்டால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். அதைப் போட்டுப் பார்க்கும் கருவிகளும் கடைகளில் இப்போது கிடைப்பதில்லை. பழைய டேப்பின் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்ட ஸ்டூடியோக்களும் உண்டு. மருதையாற்றுப் படத்தில் பேசிய முதியவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அவர்கள் குரல் இருக்கும் இடம் அந்த டேப் ஒன்றுதான்.

அரசாங்கப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படங்களைத் திரையிடும் திட்டம் 2022-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு விமரிசனம் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் பூரித்துப்போனேன். அந்தப் படங்களோடு கூடவே, தங்கள் ஊர் ஆறும் காடும் சுரங்கமும் வரும் படங்களையும் அந்தக் குழந்தைகள் பார்க்கவேண்டும். அதற்குப் படங்கள் முதலில் கையில் இருக்கவேண்டும். ஆகையால், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்த வீட்டுப் பரணிலோ ஸ்டூடியோ அலமாரியிலோ அந்த நாளைய டேப்போ டிவிடியோ கிடந்தால், அதைத் துடைத்து, யாருடைய படம், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றத் தெரிந்த ஒருவரிடம் தாமதமின்றிக் கொடுங்கள். பிரதி ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் ஒப்படையுங்கள். நூலகத்தார் அவற்றுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கித் தரவேண்டுமென்றும், கேட்டு வரும் பள்ளிகளுக்குக் கொடுத்துதவ வேண்டுமென்றும் இரு மாவட்டத்து அன்பர்களின் சார்பாக வேண்டிக்கொள்கிறேன்.